ஸைனம்புவின் பிரஷர் குளிசை

அத்தியாயம் பதினொன்று

போன கிழமை சல்மா மதினியைப் புது வீட்டு ஹோலில், டைல்ஸ் தரையில் விழுத்திப்போட்டு நான் பேனையை மூடிவிட்டேன். அதற்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சமல்ல. "அந்த மனிசி மௌத்தா ஹயாத்தா எண்டாவது சொல்லிற்றுப் போயிருக்கலாமே" என்று நிந்தவூரில் ஒரு கலியாண வீட்டில் வைத்தே என்னைப் பிடித்துக் கேட்டுவிட்டார்கள். ஹயாத்துத்தான், உயிரோடுதான். ஆஸ்பத்திரியில், யன்னலோரக் கட்டிலில், நெற்றியில் தையலோடு இருக்கிறா. வாய்க்கு மட்டும் ஒரு காயமும் இல்லை.

புதிதாக வந்து குந்தினவர்களுக்கு ரெண்டு வார்த்தை. ஸைனம்பு நம்மட கதையின் உம்மா. புருசன் சீனிமுகம்மது சாய்ந்தமருதில் ஒரு குடிக்கு, அதாவது ஒரு தாய்வழிக் குடும்பக் கூட்டத்துக்கு, மரைக்கார். அந்தக் குடியில் ஒரு கலியாணம் பேசினால் அவர் தலையாட்டாமல் நடவாது. ஒரே மகள் அஸ்னா. அவளுக்கும், சீனிமுகம்மதுவின் மூத்த சகோதரி உம்முசல்மாவின், அதுதான் சல்மா மதினியின், மகன் ஹாதிக்குக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் கழிய நிக்காஹ். எங்கட வழமைப்படி பெண்ணுக்கு வீடு கட்டி முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வந்து குடியேறுவதுதான் பாக்கி.

ஸைனம்புவுக்குக் கொஞ்சக் காலமாக ஒரு வைத்தியம் நடக்கிறது. யோகா வைத்தியம். அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை, "அப்பியாசம்" என்பார்கள். சித்த வைத்திய நிலையத்து டொக்டர் கிருசாந்தி, அவவுடைய நித்திரை, சாப்பாடு, முதுகுவலி, தொழுகை நேரம் எல்லாம் கேட்டுக் கேட்டு, அவவுக்கென்றே அமைத்துக் கொடுத்தது. மந்திரம் என்று வாயால் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. விடிய சுபஹ் தொழுதுவிட்டு, கதிரையில் காலைத் தூக்கி வைத்துப் படுத்து, வயிற்றில் கையை வைத்து, மூச்சை மெல்ல மெல்ல வெளியே விட வேண்டும். பிறகு கொஞ்சம் குனிவு, கொஞ்சம் நிமிர்வு.

ஸைனம்பு தேறினதை ஊர்ப் பெண்கள் கண்டார்கள். கண்டால் விடுவார்களா? ஒருத்திக்குக் கொடுத்த குளிசையை நாலு வீட்டார் போட்டுப் பார்க்கிற ஊர் இது. அப்பியாசத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆம்பிளைகள் வேலைக்குப் போன பிறகு, புது வீட்டு யன்னல் எல்லாம் பூட்டி, ஸைனம்பு முன்னுக்கு நிற்க, மற்றவர்கள் பின்னால். அங்கேதான் சல்மா மதினி குனிந்தவ, நிமிரும்போது கண் இருட்டி, அலுமாரி விளிம்பில் நெற்றி அடிபட விழுந்தா.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

காலையில் ஹாதிக் கேட்டடியில் வந்து நின்றான். நிக்காஹ் முடியாமல் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, அதனால் எந்த அவசரம் என்றாலும் கேட்டடிதான். கையில் வெறும் ப்ளாஸ்க். முகத்தில் நித்திரை இல்லை.

"மாமி, உம்மாக்குக் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தித் தாங்க. ஆஸ்பத்திரித் தேத்தண்ணி வாயில வைக்க ஏலாதாம்."

"தாறன் மகன். பிரஷர் இறங்கினதா?"

"இல்ல மாமி. டொக்டர்மாருக்கே விளங்குதில்ல. குளிசை ஒழுங்காப் போடுறவவா எண்டு கேட்டாங்க. ஓம் எண்டு நாங்க எல்லாரும் சொன்னம். அப்பிடியெண்டா உள்ளுக்கு வேற என்னவோ வருத்தம் இரிக்கி, மட்டக்களப்புக்கு அனுப்பிப் பாக்கணும் எண்டு சொல்றாங்க. தலைக்குள்ளயா, கிட்னியிலயா எண்டு தெரியாதாம்."

ஸைனம்பு ப்ளாஸ்க்கை வாங்கினா. தேத்தண்ணி ஊற்றினா, மூடியைப் பூட்டினா, திருப்பிக் கொடுத்தா. எல்லாம் கை தன்பாட்டில் செய்தது. அவவுக்கு அப்போதே விளங்கிவிட்டது. உள்ளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. மதினி பிரஷர் குளிசையை நிப்பாட்டிவிட்டா. நிப்பாட்டச் சொன்னது தன்னுடைய வாய்தான்.

எப்படி என்று கேட்பீர்கள். போன மாதம் ஒரு நாள் அப்பியாசம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது மதினி கேட்டா, "புள்ள, உன்ட பிரஷர் குளிசை இப்ப எப்பிடி?" ஸைனம்பு கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னா, "டொக்டரே குறைச்சிற்றாங்க மதினி. இன்னும் கொஞ்ச நாளையில அடியோட நிப்பாட்டலாமாம்." மதினி தலையாட்டினா. வேறொன்றும் கேட்கவில்லை.

சொன்னதில் ஒரேயொரு பொய்தான் இருந்தது. ஸைனம்பு போட்டது பிரஷர் குளிசை அல்ல. அவவுக்குப் பிரஷரே கிடையாது.

அது மனசுக்கு உள்ள குளிசை. ரெண்டு வருசத்துக்கு முன் அவவுக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. குசினியில் நின்றபடியே மௌத்தாகப் போகிறேன் என்று பயம் வரும். சட்டி கருகும் வரை தரையில் குந்தி அழுவா. ஊருக்குத் தெரியாமல் அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போனார் சீனிமுகம்மது. ஒரு நாளும் முகம் மூடாத ஸைனம்பு அன்றைக்கு முகத்தை மூடிக்கொண்டு போனா. அந்த டொக்டர்தான் குளிசையும் கொடுத்து, கிருசாந்தியிடமும் அனுப்பினவர். திரும்பி வரும்போது சீனிமுகம்மது சொன்னார், "ஆரும் கேட்டா பிரஷர் குளிசை எண்டு சொல்லு."

அவவுக்கு நோயை விட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. என்ன காரணம் என்று சொல்லவாவது ஒன்று வேண்டாமா? சுனாமியில் அவ ஒருத்தரையும் கொடுக்கவில்லை. சல்மா மதினி ஒன்பது வயது மகள் றிஸ்மியாவைக் கடலுக்குக் கொடுத்தவ. ஹாதிக்குக்கு மூத்தவள். அந்த மனிசி ஒரு நாள் கூடப் பாயில் படுக்கவில்லை. ஒன்றையும் இழக்காத நான் ஏன் இப்படி ஆனேன் என்று ஸைனம்பு தன்னைத்தானே கேட்டுக் கேட்டு வெட்கப்பட்டா.

சீனிமுகம்மது குடிக் கூட்டத்துக்குப் போகத் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார். ஸைனம்பு அறைக்குள் வந்து கதவைச் சாத்தினா.

"இஞ்சேருங்க, மதினி குளிசைய நிப்பாட்டிற்றா."

"ஆர் சொன்ன?"

"ஆரும் சொல்லல்ல. நான் சொன்னதக் கேட்டு நிப்பாட்டிற்றா. எனக்குக் குறைச்சதாச் சொன்னன். அவ அது பிரஷர் குளிசை எண்டுதானே நினைச்சிருப்பா."

அவர் கட்டிலில் குந்தினார். தொப்பி கையிலேயே இருந்தது.

"நான் போய்ச் சொல்லணும்" என்றா ஸைனம்பு.

"என்னத்தச் சொல்லப் போற? நீ என்ன குளிசை போடுறாய் எண்டா?"

"வேற என்னத்தச் சொல்ற?"

"நிக்காஹ் முடியட்டும் ஸைனம்பு. அதுக்குப் பொறகு ஊருக்கே சொல்லு, நான் தடுக்கல்ல."

"அதுக்கிடையில மதினிக்கு ஏதும் நடந்தா?"

"டொக்டர்மார் இரிக்காங்கதானே" என்று சொல்லிவிட்டு அவர் எழும்பிப் போனார். கூடப்பிறந்த ராத்தாவைப் பற்றி அப்படிச் சொன்னது அவருக்கே கூசியிருக்கும், முகத்தைக் காட்டாமல்தான் போனார்.

அவரை நான் கெட்ட மனிசன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. போன வருசம் அவருடைய குடியில் ஒரு பெண்ணுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பார்த்தார்கள். எல்லாம் பொருந்தி வந்தது. இவர்தான் கேட்டார், "பொடியன்ட உம்மா கிளினிக்குக்குப் போறவ எண்டு கேள்விப்பட்டன், மனவருத்தம் கினவருத்தம் ஒண்டும் இல்லையா?" அந்தக் கேள்வியோடு பேச்சு நின்றது. வீட்டில் அலுமாரிக்குள் அதே குளிசை கிடக்கத்தான் கேட்டார். பயந்த மனிசன் அடுத்தவன் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பான்.

அன்றைக்கு ஸைனம்புவுக்குக் கிருசாந்தியிடம் போகிற நாளும். ஓட்டோவில் போய் இறங்கினா.

கிருசாந்தி காரைதீவுப் பிள்ளை. அதட்டிப் பேசத் தெரியாது. கையைப் பிடித்து நாடி பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"என்ன உம்மா, நித்திரை இல்லையா? போன முறை நல்லா இருந்தீங்க."

ஸைனம்பு எல்லாவற்றையும் சொன்னா. பெண்களைச் சேர்த்தது, முன்னுக்கு நின்று காட்டினது, மதினி விழுந்தது, குளிசைப் பொய். சொல்லி முடியும்போது தலையில் போட்ட தாவணி நனைந்துவிட்டது.

கிருசாந்தி ஏசவில்லை. ஏசினாலாவது தாங்கியிருப்பா ஸைனம்பு.

"உம்மா, அந்தக் குனியிற அப்பியாசத்த உங்களுக்கு என்னத்துக்குத் தந்த நான்? உங்களுக்குப் பிரஷர் இல்ல, முதுகு இறுக்கம், பயம் வந்தா மூச்சு மேலால ஏறிரும். அதப் பாத்துத்தான் தந்த. அவங்களுக்குப் பிரஷர் கூட, வயசும் கூட. என்னட்ட வந்திருந்தா தலையக் குனிய விட்டிருக்கவே மாட்டன். கதிரையில இருத்தி வேற ஒண்டு சொல்லிக் குடுத்திருப்பன். இது உங்கட அளவுக்குத் தைச்ச சட்டை. மத்தவங்களுக்குப் போட்டா கிழியும்."

"நீங்க முதல் நாளே சொன்னீங்க. மத்தவங்களுக்குக் காட்டாதீங்க எண்டு."

"ஓம், சொன்ன நான். பொறகு எந்த அப்பியாசமும் குளிசைய நிப்பாட்டச் சொல்லாது. உங்கட குளிசையக் கூட உங்கட டொக்டர்தானே பாத்துப் பாத்துக் குறைச்சவர், நான் தொடல்லையே."

ஸைனம்பு தலையைக் குனிந்துகொண்டு இருந்தா. தன்னைச் சுற்றி ஏழு பெண்கள் நிற்க, "இப்பிடிச் செய்யுங்க, மூச்ச விடுங்க" என்று சொன்ன நேரம் எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று இப்போது நினைத்தா. ரெண்டு வருசமாக ஒன்றுக்கும் உதவாதவள் என்று தன்னை நினைத்துக் கிடந்தவ. அந்தச் சந்தோசத்தை நினைக்கவே இப்போது கூச்சமாக இருந்தது.

"மகள், நீங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் கோல் எடுத்துச் சொல்லுங்களன். மதினி குளிசை விட்டிற்றா எண்டு மட்டும். என்ட பேரச் சொல்லாம."

கிருசாந்தி அவவைப் பார்த்தாள். "உங்கட வருத்தத்த நான் ஆரிட்டயும் சொல்ல மாட்டன் உம்மா. அது உங்கட சொத்து. ஆனா அவங்க குளிசை விட்டிருக்கலாம் எண்டத இப்பவே சொல்றன்." சொன்னபடி அந்த இடத்திலேயே எடுத்தாள். வார்ட் டொக்டரிடம் ரெண்டு நிமிசம் கதைத்தாள்.

ஸைனம்புவுக்கு நெஞ்சிலிருந்து கல்லை இறக்கினமாதிரி இருந்தது. மானமும் போகவில்லை, மதினியும் தப்பினா, கலியாணமும் நிற்கும். ஓட்டோவில் ஏறி நேரே ஆஸ்பத்திரிக்கே விடச் சொன்னா. பகல், நோயாளிகளைப் பார்க்க விடுகிற நேரம்.

அந்த நிம்மதி வார்ட் வாசல் வரைக்கும்தான்.

கட்டிலைச் சுற்றி ஆட்கள். ஹாதிக் ஒரு பக்கம், கூட்டம் முடிந்து வந்த சீனிமுகம்மது கால்மாட்டில். பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த ஒரு பெண் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தா. அவ எங்கட ஊர்தான், பெயரை நான் சொல்ல மாட்டேன். இந்தப் பக்கத்துச் சேதி எல்லாம் அவவுடைய காதால்தான் ஊருக்குப் போகும். நடுவில் இளம் பெண் டொக்டர் ஒருத்தி நின்றா. நேர்ஸ் மிஸ் சல்மா மதினியின் தலகணைக்கடியில் இருந்து ஒரு லேஞ்சித் துணியை எடுத்து விரித்தா. உள்ளே குளிசைகள். நேற்றும் இன்றும் கொடுத்தது எல்லாம் அப்படியே இருந்தது.

"வாயில போட்டிற்று நான் திரும்பினதும் துப்பியிருக்கா" என்றா நேர்ஸ்.

"அம்மா, வீட்டயும் இப்பிடித்தானா?" என்று டொக்டர் கேட்டா.

சல்மா மதினி பொய் சொல்கிற ஆள் இல்லை. பிடிபட்டால் பிடிபட்டதுதான். "ஓம். ஒரு மாசமாப் போடல்ல. இனியும் போட மாட்டன்."

"உம்மா" என்றான் ஹாதிக்.

"நீ சும்மா இரி. இந்தக் குளிசைய மௌத்தாகும் மட்டும் போடணுமாம். எனக்குத் தேவல்ல. இந்தா நிக்கிறாளே என்ட தம்பிட பொண்டாட்டி, இவளும் பிரஷர்காரிதான். அப்பியாசம் செய்து குளிசைய விட்டுக்கிட்டு வாறாள். ஆளப் பாருங்க, எப்பிடி இரிக்காள். நான் சரியாச் செய்யல்ல, அதான் விழுந்தன். வீட்ட போய்ச் சரியாச் செய்வன்."

"அம்மா, உங்களுக்கு இப்ப இரிக்கிற பிரஷருக்கு எந்த நேரமும் பாரிசவாதம் அடிக்கலாம். கையும் காலும் வாயும் போயிரும்" என்றா டொக்டர்.

"அல்லாஹ் எழுதினது நடக்கும்."

"குளிசையப் போட்டிற்று அதச் சொல்லுங்க" என்று டொக்டர் திரும்பினா. ஸைனம்புவைப் பார்த்தா. "நீங்கதானா அவங்க? நீங்க என்ன குளிசை போட்டீங்க? பேர் தெரியுமா?"

எல்லோரும் பார்த்தார்கள். ஸைனம்பு புருசனைப் பார்த்தா. சீனிமுகம்மது மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெயர் மறந்துபோச்சு என்றாலும் யாரும் குற்றம் பிடிக்க மாட்டார்கள். ஸைனம்புவின் நாக்கு நுனியில் அதுதான் நின்றது, நான் மறைக்கவில்லை. மகளுடைய புது வீடும், பின்பக்கம் தங்களுக்கென்று கட்டின சின்ன அறையும் கண்ணுக்குள் வந்து போனது. பிறகு மதினியின் முகத்தைப் பார்த்தா. அந்த மனிசி இவவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தா, சொல்லு புள்ள, இவங்களுக்கு விளங்குற மாதிரிச் சொல்லு என்கிற மாதிரி.

"அது பிரஷர் குளிசை இல்ல" என்றா ஸைனம்பு.

"என்ன?"

"எனக்குப் பிரஷர் இல்ல மதினி. ஒரு நாளும் இருந்ததில்ல. அது மனசுக்குக் குடுக்கிற குளிசை. கிளினிக்ல தந்த. எனக்குப் பயம் வாற. காரணமில்லாமப் பயம் வாற, அழுகை வாற. அதுக்குத்தான் குளிசை, அதுக்குத்தான் அப்பியாசம். வெக்கத்தில பிரஷர் எண்டு சொன்னன். உங்களுக்கும் அப்பிடித்தான் சொன்னன். நீங்க அத நம்பி விட்டிற்றீங்க. நான்தான் உங்கள விழுத்தின."

தோடம்பழம் உரிக்கிற கை நின்றது. ஹாதிக் தன்னுடைய செருப்பைப் பார்த்தான். சீனிமுகம்மது வார்டை விட்டு வெளியே போனார்.

சல்மா மதினியின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. நெடுநேரம் ஸைனம்புவையே பார்த்தா. பிறகு நேர்ஸிடம் கையை நீட்டினா. குளிசையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, விழுங்கினதைக் காட்ட நேர்ஸுக்கு வாயையும் திறந்து காட்டினா. யன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டா.

"மதினி" என்று ஸைனம்பு கூப்பிட்டா. மதினி திரும்பவில்லை.

வீட்டுக்கு வருமுன் சேதி வந்துவிட்டது. அஸ்னா வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"உம்மா, வார்டில வெச்சா சொல்லணும்? எல்லாரும் இரிக்கக்குள்ளயா?"

"வேற வழி தெரியல்ல மகள்."

"ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாமே உம்மா. ரெண்டே மாசம்."

"மாமிக்கு ரெண்டு மாசம் இல்லையே."

அஸ்னா சட்டென்று திரும்பினாள். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். அவள் சொன்னதை நல்ல பிள்ளைகள் சொல்லக் கூடாது என்று நீங்கள் நினைக்கலாம். கலியாணத்துக்குப் பார்த்திருக்கிற பிள்ளை சொல்லத்தான் செய்யும்.

ஸைனம்பு ளுஹர் தொழுதா. நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. கதிரையை இழுத்துப் போட்டு, காலைத் தூக்கி வைத்துப் படுத்தா. வயிற்றில் கையை வைத்தா. மூச்சை விடப் பார்த்தா, அது பாதியிலேயே நின்றது. இந்தக் கதிரையும் இந்த மூச்சும்தானே மதினியை அங்கே கொண்டுபோய்ப் போட்டது என்ற நினைப்பு. எழும்பிக் கதிரையைச் சுவரோடு தள்ளிவிட்டா. பிறகு, இது எனக்கென்று தந்தது, எனக்குச் செய்தால் ஆருக்கும் குற்றமில்லை என்று தனக்குத்தானே சொல்லித் திரும்பவும் இழுத்தா. ஒரு மூச்சு முழுதாக வெளியே போனது. அதற்கும் அழுகைதான் வந்தது.

பின்னேரம் அஸர் கழிந்துதான் சீனிமுகம்மது வந்தார். சாப்பாடு வேண்டாம் என்றார். குசினி வாசலில் நின்றபடி, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"பள்ளியில ஒருத்தன் கேட்டான், மரைக்கார், வீட்டில சுகமா எண்டு. சும்மா கேட்டானோ குத்திக் கேட்டானோ தெரியா. சுகம் எண்டு சொல்ல வாய் வரல்ல. வந்திற்றன்."

ஸைனம்பு சோற்றுச் சட்டியை மூடி வைத்தா.

"பிரஷர் எண்டு சொல்லச் சொன்னது நான்தானே" என்றார். "அங்க நிண்டு அதச் சொல்லியிருக்கணும். காத்தாடியப் பாத்துக்கிட்டு நிண்டன்."

அப்போதுதான் போன் அடித்தது. ஹாதிக். "மாமி, உம்மா உங்கள வரச் சொல்றா. தனிய வரட்டாம். மாமா வேணாமாம்."

வேறு என்ன? கலியாணத்தை முறிக்கிறவர்கள் தம்பியைக் கூப்பிட்டு முறிக்க மாட்டார்கள், பெண்ணின் உம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். மூன்று பேருக்கும் அது விளங்கியது. அஸ்னா அறைக் கதவைத் திறந்து வந்தாள். உம்மாவின் கறுப்பு அபாயாவை எடுத்து, சுருக்கம் போக அயன் பிடித்து, அவவுடைய கையில் கொடுத்தாள்.

சீனிமுகம்மது மோட்டச் சைக்கிளில் கொண்டுபோய் ஆஸ்பத்திரிக் கேட்டடியில் இறக்கினார். "நான் இஞ்ச நிக்கிறன்" என்றார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. போகிறவன் வருகிறவன் முகத்தைக் கண்டு சலாம் சொல்லிவிடுவானோ என்ற பயம் அவருக்கு.

வார்டில் சல்மா மதினி எழும்பிக் குந்தியிருந்தா. ஹாதிக்கை ப்ளாஸ்க்கைக் கொடுத்து வெளியே அனுப்பினா. தோடம்பழக்காரியின் பக்கம் திரைச்சீலையை இழுத்துவிடச் சொன்னா. ஸைனம்பு இழுத்துவிட்டு நின்றா.

"இரி."

ஸைனம்பு கதிரையின் விளிம்பில் இருந்தா. செய்ததற்கு மாப் கேட்க வாயெடுத்தா. மதினி கையைக் காட்டி நிப்பாட்டினா.

"பிரஷர் கொஞ்சம் இறங்கிற்றாம். மட்டக்களப்புக்குப் போகத் தேவல்லையாம்."

"அல்ஹம்துலில்லாஹ்."

மதினி கட்டில் விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தா.

"உன்ட குளிசை" என்றா. "அந்த மனசுக் குளிசை. அதப் போட்டா மறதி வருமா?"

ஸைனம்பு இதை எதிர்பார்க்கவில்லை. "எனக்கு முதல்ல கொஞ்சம் தூக்கமா இருந்த மதினி. சாவிய வெச்ச இடம் மறக்கும். அப்பிடித்தான்."

"சாவி கிடக்கட்டும். புள்ளட முகம் மறக்குமா?"

ஸைனம்பு கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டா.

"றிஸ்மியாட படம் ஒண்டும் என்னட்ட இல்ல" என்றா மதினி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, மீன் விலை கேட்கிற மாதிரி. "வீட்டோட எல்லாம் கடலுக்குப் போன. அவள்ட முகம் எனக்குள்ள மட்டும்தான் இரிக்கி. ஒவ்வொரு நாளும் படுக்கக்குள்ள எடுத்துப் பாக்கிற. பொறகு விடியும் மட்டும் நித்திரை இல்ல. நெஞ்சு அடிக்கும். நீ சொன்னியே பயம் வாற எண்டு. எனக்கு அது இருவது வருசமா வாற. நித்திரை வந்தா முகம் போயிருமோ எண்டுதான் ஒரு டொக்டரிட்டயும் காட்டல்ல."

ஒரு நாள் கூடப் பாயில் படுக்காத மனிசி என்று ஸைனம்பு நினைத்திருந்தா. படுக்கத்தான் இல்லை, நித்திரையும் இல்லை. இவ்வளவு நாளும் இந்த மனிசியோடு தன்னை ஒப்பிட்டு வெட்கப்பட்டது இப்போது வேறு விதமான வெட்கமாக மாறியது. பக்கத்து வளவில் இருந்துகொண்டு ஒரு தரமாவது, நித்திரை வருதா மதினி என்று கேட்டோமா என்று இருந்தது.

"எனக்குத் தெரியா மதினி" என்றா. "எனக்கு மறக்கிறதுக்கு ஆரும் இல்ல."

மதினி தலையாட்டினா. உண்மையைச் சொன்னதற்காகவோ என்னவோ, ஸைனம்புவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா. கலியாணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஸைனம்புவுக்குக் கேட்கவும் தைரியம் வரவில்லை.

வெளியே ஹாதிக்கின் செருப்புச் சத்தம் கேட்டது. மதினி அவசரமாகக் குரலை இறக்கினா.

"அந்தக் காரைதீவுப் பொம்புள டொக்டரிட்ட என்னையும் ஒருக்காக் கூட்டிப் போ. எனக்கெண்டு என்ன தருவா எண்டு பாப்பம். ஆனா ஹாதிக்குக்குத் தெரியக் கூடா, தம்பிக்கும் தெரியக் கூடா. ஆரும் கேட்டா பிரஷருக்கு எண்டு சொல்லு."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் தோடம்பழக்காரி இருமினா. ஸைனம்புவுக்கு ஓம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஏலா என்று சொல்லவும் வாய் வரவில்லை. கீழே கேட்டடியில் சீனிமுகம்மது இன்னும் ஹெல்மெட்டோடுதான் நின்றுகொண்டிருந்தார்.